பப்பெட்டில் பட்டியல்கள்: ஒரு வரியை அழித்தால் சர்வரில் என்ன நடக்கும்

பல சர்வர்களை ஒரே மாதிரி அமைத்து வைக்க உதவும் கருவி பப்பெட். அது தெரியாதவர்கள் எங்கள் குழுவுக்கு வந்தால் அவர்களுக்கு முதலில் ஒரு பயனர் பட்டியலைத்தான் காட்டுவேன். ஹைரா ஃபைலில் (பப்பெட்டுக்கான தரவு வைக்கும் இடம்) பத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருக்கும், ஒரு கிளாஸ் (பப்பெட் கோடின் ஒரு பகுதி) அந்தப் பட்டியலை 'ஈச்' என்ற லூப் போட்டுச் சுற்றி ஒவ்வொரு பெயருக்கும் ஒரு யூசர் ரிசோர்ஸ், அதாவது பப்பெட் கவனிக்கும் ஒரு பொருள், உண்டாக்கும். அதில் ஒரு பெயரை அழித்துவிட்டு ஏஜென்டை, அதாவது ஒவ்வொரு சர்வரிலும் இருக்கும் பப்பெட் புரோகிராமை, ஓட்டச் சொல்வேன். பிழை எதுவும் வராது, கேட்டலாக் அப்ளை ஆகிவிட்டது என்ற வழக்கமான வரி வரும். சரி, இப்போது அந்தப் பெயருக்கு 'ஐடி' கமாண்ட் அடித்துப் பாருங்கள் என்பேன். கணக்கு அப்படியே இருக்கும். ஷெல், ஹோம் டைரக்டரி, எஸ்எஸ்ஹெச் சாவி எல்லாமும் இருக்கும்.

அந்த மொழியின் கணக்குப்படி இது முழுக்கச் சரி. பப்பெட்டுக்கு நாம் கொடுப்பது செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை இல்லை, இந்த நோடில் (பப்பெட் கவனிக்கும் ஒரு சர்வர்) இவையெல்லாம் இப்படி இருக்க வேண்டும் என்ற கூற்றுகள். மேனிஃபெஸ்ட் (பப்பெட் கோட் ஃபைல்), ஹைரா தரவு, நோட் அனுப்பிய ஃபேக்ட் (தன்னைப் பற்றிய தகவல்) மூன்றையும் சேர்த்து பப்பெட் சர்வர் பக்கத்தில் ஒரு கேட்டலாக், அதாவது அந்த நோடுக்கான ரிசோர்ஸ்களின் முழுப் பட்டியல், தயாராகிறது. நாம் எழுதிய ஈச், மேப், ஃபில்டர் போன்ற பட்டியல் ஃபங்ஷன்கள் எல்லாம் அங்கேயே, கம்பைல் நேரத்திலேயே ஓடி முடிந்துவிடும். ஏஜென்டின் கைக்கு வருவது லூப் எதுவும் இல்லாத ரிசோர்ஸ்கள் மட்டும்தான். அது ஒவ்வொன்றாக எடுத்து, சொன்னபடி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததைச் சரிசெய்யும். கேட்டலாக்கில் பெயரே வராத ஒரு பயனரைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் கிடையாது. மளிகைக் கடைக்குக் கொடுக்கும் மாதச் சீட்டில் சர்க்கரையை அடித்துவிட்டால் கடைக்காரர் சர்க்கரை அனுப்ப மாட்டார், அவ்வளவுதான். வீட்டு டப்பாவில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துப்போக யாரும் வரமாட்டார்கள்.

சர்வர் போன்றவற்றை உருவாக்கும் இன்னொரு கருவியான டெராஃபார்மில் இருந்து வருகிறவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. டெராஃபார்ம் தான் உருவாக்கியதையெல்லாம் ஸ்டேட் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்கிறது, அதனால் பட்டியலில் ஒரு வரி போனால் 'இது முன்பு இருந்தது, இப்போது இல்லை' என்று அதற்குத் தெரியும், அழித்துவிடும். அங்கே பிரச்சினை நேர் எதிர்ப்பக்கம்: 'கவுண்ட்' போட்டுப் பட்டியலைச் சுற்றினால் ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும் அடையாளம் அதன் இட எண்தான், நடுவில் ஒன்றை எடுத்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் ஓர் இடம் முன்னால் நகர்ந்து, நாம் தொடாத ரிசோர்ஸ்களும் மாறவோ அழிந்து மீண்டும் உருவாகவோ ஆரம்பிக்கும். 2019-இல் வந்த 'ஃபார்_ஈச்' பெயரை அடையாளமாக வைத்துக்கொண்டதால் அந்தத் தலைவலி தீர்ந்தது. பப்பெட்டில் தொடக்கத்திலிருந்தே ரிசோர்ஸின் டைட்டில்தான் அடையாளம், வரிசையில் எங்கே நின்றாலும் கவலையில்லை. ஆனால் நேற்று என்ன இருந்தது என்பது அதற்கு நினைவில் இருக்காது. இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றித் தொடுகிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

இந்த நினைவில்லாத தன்மை நடைமுறையில் என்ன செய்யும் என்பதை ஒரு நிறுவனத்தின் ஆடிட்டின்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். கோடின் மாற்ற வரலாற்றை வைக்கும் கிட்டில் பயனர் பட்டியல் சுத்தமாக இருந்தது, வேலையை விட்டுப் போனவர்கள் ஒருவர்கூட அதில் இல்லை, யார் எப்போது நீக்கினார்கள் என்று கமிட்டும் இருந்தது. ஆடிட் செய்ய வந்தவர் பட்டியலைப் பார்க்கவில்லை, நேராக ஒரு பழைய டேட்டாபேஸ் சர்வரின் பாஸ்வேர்ட் ஃபைலைக் கேட்டார். பல வருடங்களுக்கு முன்பே போனவர்கள் வரை அதில் இருந்தார்கள். இன்னொன்றையும் அவர் காட்டினார்: அதே ரோல் (சர்வரின் வேலை) கொண்ட, சமீபத்தில் எழுப்பிய சர்வரில் அந்தப் பெயர்கள் இல்லை. அதாவது பட்டியலில் இருந்து வெறுமனே அழித்தால் அந்த நாளுக்கு முன் பிறந்த சர்வர், பின் பிறந்த சர்வர் என்று இரண்டு தலைமுறை உண்டாகிவிடுகிறது, இரண்டும் ஒரே மேனிஃபெஸ்டுக்கு 'சரி' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எல்லாச் சர்வரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே இந்தக் கருவியையே வைத்திருக்கிறோம், அந்த அடிப்படையே இதில் ஆட்டம் காண்கிறது.

இதற்கு இரண்டு வழி உண்டு, இரண்டுமே வேண்டும்.

முதல் வழி, இல்லாமையையும் வாய்விட்டுச் சொல்வது. பெயரை அழிக்காமல் 'என்ஷ்யூர் => ஆப்சென்ட்' (இது இருக்கக் கூடாது) என்று மாற்றுவது. எவ்வளவு காலம் அப்படி வைத்திருப்பது என்று கேட்பார்கள். எல்லா நோடும் ஒருமுறையாவது ஓடி முடியும் வரை என்பது பாடப்புத்தகப் பதில், ஆனால் நிறுத்தி வைத்திருந்த விஎம் ஒன்றை ஆறு மாதம் கழித்து யாரோ உயிர்ப்பிப்பார்கள், பழைய ஸ்னாப்ஷாட்டில் இருந்து ஒன்றை மீட்பார்கள். பயனர் கணக்குகளைப் பொறுத்தவரை அந்த வரியை எடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஒரு வரியால் யாருக்கும் பாரம் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: யூசர் ரிசோர்ஸில் 'மேனேஜ்ஹோம் => ட்ரூ' இருந்து ஆப்சென்ட் ஆக்கினால் ஹோம் டைரக்டரியும் சேர்ந்து போய்விடும். போனவரின் ஹோமுக்குள்தான் ஏதோ ஒரு முக்கிய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும், இது பெரும்பாலான இடங்களில் உண்மை. அதனால் முதலில் கணக்கைப் பூட்டி, சாவிகளை எடுத்து, ஹோமை யாராவது பார்த்த பிறகு ஆப்சென்ட்.

இரண்டாவது வழி பர்ஜ், அதாவது பட்டியலில் இல்லாததைத் துடைத்தெடுப்பது. 'ரிசோர்சஸ்' என்றே ஒரு டைப் இருக்கிறது, அதில் 'யூசர்' என்று டைட்டில் கொடுத்து 'பர்ஜ் => ட்ரூ' போட்டால், கேட்டலாக்கில் இல்லாத எல்லாப் பயனர்களையும் ஏஜென்ட் நீக்கும். இங்கேதான் பட்டியல் உண்மையிலேயே முழுப் பட்டியல் ஆகிறது. கூடவே 'அன்லெஸ்_சிஸ்டம்_யூசர் => ட்ரூ' கட்டாயம் போட வேண்டும், அது குறைந்த யூஐடி (பயனர் எண்) உள்ள சிஸ்டம் கணக்குகளைக் காப்பாற்றும். ஆனால் கையால் நிறுவிய ஒரு அப்ளிகேஷன், தன் கணக்கைச் சாதாரண யூஐடி எல்லைக்குள் உண்டாக்கியிருந்தால் அதை இது காப்பாற்றாது. எனவே பர்ஜை இறக்கும் முன் அந்த ரிசோர்ஸிலேயே 'நோஆப் => ட்ரூ' சேர்த்து எல்லாச் சர்வரிலும் ஓடவிடுங்கள்; நீக்கப்போகும் பெயர்களை ஏஜென்ட் ரிப்போர்ட்டில் எழுதும், எதையும் தொடாது. அந்த ரிப்போர்ட்டைச் சில வாரம் பார்த்து, வர வேண்டியவர்களையெல்லாம் பட்டியலுக்குள் கொண்டுவந்த பிறகு நோஆப்பை எடுங்கள். இந்த இடத்தில் அவசரம் காட்டாதவர்கள்தான் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

பர்ஜ் ஒரே இடத்தில் இருக்கும் விஷயம் இல்லை, பட்டியல் வரும் ஒவ்வொரு இடத்திலும் அதற்கு ஒரு வேறு பெயர் இருக்கிறது. யூசரின் 'குரூப்ஸ்' பட்டியலுக்கு அது 'மெம்பர்ஷிப்'. இதன் டிஃபால்ட் 'மினிமம்', அதாவது நீங்கள் சொன்ன குரூப்கள் இருந்தால் போதும், கூடுதலாக வேறு எதில் இருந்தாலும் கண்டுகொள்ளாது; யாரோ அவசரத்துக்கு டாக்கர் குரூப்பில் சேர்த்துவிட்ட கணக்கு அப்படியே அதில் தங்கிவிடுவது இதனால்தான். 'இன்க்ளூசிவ்' என்றால்தான் பட்டியல் கறாராகும். எஸ்எஸ்ஹெச் சாவிகளுக்கு யூசர் ரிசோர்ஸில் 'பர்ஜ்_எஸ்எஸ்ஹெச்_கீஸ்' இருக்கிறது, கையால் ஒட்டிய சாவிகளை அது துடைத்துவிடும். டைரக்டரிக்கு 'ரிகர்ஸ்', 'பர்ஜ்' இரண்டும் சேர்ந்து வர வேண்டும், உள்ளே இருக்கும் சப்டைரக்டரிகளும் போக வேண்டுமானால் 'ஃபோர்ஸ்' வேண்டும். யாருக்கு ரூட் அதிகாரம் என்று சொல்லும் சுடூயர்ஸ் டைரக்டரிக்கு இதை நான் தயங்காமல் போடுவேன். நேரம் குறித்து ஓடும் வேலைகளை வைக்கும் க்ரான் டைரக்டரிக்குத் தயங்குவேன், காரணம் டிஸ்ட்ரோவின் பேக்கேஜ்களும் அங்கே ஃபைல் வைக்கின்றன, பப்பெட் அதை நீக்கும், சில டிஸ்ட்ரோக்களில் பேக்கேஜ் அப்டேட் ஆகும்போது திரும்ப வரும், மறுபடி நீக்கும். பேக்கேஜ்களுக்கு மட்டும் பர்ஜ் வேண்டவே வேண்டாம். நீங்கள் பட்டியலில் எழுதியது நாற்பது இருக்கும், அவை சார்புகளாக இழுத்து வந்தவை நூற்றுக்கணக்கில் இருக்கும், அவற்றில் எதுவும் உங்கள் கேட்டலாக்கில் கிடையாது.

இதெல்லாம் பழகிய பிறகு பயனர், பேக்கேஜ், சர்வீஸ் போன்றவற்றுக்கு நான் அரே, அதாவது வெறும் பெயர்களின் வரிசை, எழுதுவதையே விட்டுவிட்டேன். ஹேஷ் எழுதுகிறேன். பெயர் கீயாக இருக்கும், அதன் கீழே என்ஷ்யூர், யூஐடி, குரூப் என்று அதன் விவரங்கள். ஒருவர் போகும்போது அவருடைய பெயருக்குக் கீழே ஒரு சொல் மாறும், கிட் டிஃபிலும் அது 'இவர் போய்விட்டார்' என்று தெளிவாகத் தெரியும். வெறும் பெயர்களின் அரேயில் அந்த விவரத்துக்கு இடமே இல்லை, அதனால்தான் ஆட்கள் வரியை அழிக்கிறார்கள். பட்டியலில் இருக்கும் பொருளுக்கு ஒரு பிறப்பும் ஒரு முடிவும் உண்டு என்றால் அதற்கு ஹேஷ் போடுங்கள்.

அப்புறம், பழைய மேனிஃபெஸ்ட்களைப் படிக்க நேர்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஈச், மேப், ஃபில்டர், ரெடியூஸ் எல்லாம் 2015-இல் வந்த பப்பெட் 4-இல்தான் எல்லோருக்கும் கிடைத்தன. லூக் கேனிஸ் இந்தக் கருவியை ஆரம்பித்தது 2005-இல். நடுவில் அத்தனை வருடம் லூப்பே இல்லாமல், ஒரு டிஃபைனுக்கு (நாமே எழுதும் ரிசோர்ஸ் வகை) அரேயையே டைட்டிலாகக் கொடுத்து ஓட்டினார்கள், ஹேஷாக இருந்தால் 'கிரியேட்_ரிசோர்சஸ்' என்று ஒரு ஃபங்ஷன். அந்த மாதிரி எழுதிய கோடைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அப்போது அதுதான் வழி. புதியவர்கள் செய்வது இன்னொன்று: வெளியே காலி அரே ஒன்றை வைத்து, ஈச்சுக்குள் அதில் சேர்த்துக்கொண்டே போகப் பார்ப்பார்கள். பப்பெட்டில் ஒரு வேரியபிளுக்கு ஒருமுறைதான் மதிப்பு, அதனால் அது நடக்காது. என்னென்ன வேண்டும் என்பதை ஃபில்டரிலும் மேப்பிலும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். இரண்டு அரேயைச் சேர்க்க +, ஒன்றில் இருப்பதை மற்றதிலிருந்து கழிக்க -, இவை இரண்டுமே என் தேவையில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடுகின்றன.

ஹைராவுக்கு வருவோம், இங்கேதான் நேரம் அதிகம் போகிறது. அது தரவை அடுக்கடுக்கான ஃபைல்களில் மேலிருந்து கீழாகத் தேடும். காமன் ஃபைலில் எல்லாச் சர்வருக்குமான பேக்கேஜ் பட்டியல், ரோல் ஃபைலில் அந்த ரோலுக்கு மட்டும் வேண்டிய இரண்டு மூன்று. இரண்டும் ஒரே கீயின் கீழ் இருந்தால் இரண்டும் சேரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சேராது. டிஃபால்ட் முறை 'ஃபர்ஸ்ட்', மேல் அடுக்கில் எது முதலில் கிடைக்கிறதோ அதுவே முழு விடை, காமன் பட்டியல் மொத்தமாக மறைந்துவிடும். மேலே சொன்ன காரணத்தால் இது பழைய சர்வர்களில் தெரியவும் செய்யாது, அங்கே பேக்கேஜ்கள் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக எழுப்பும் சர்வரில்தான் தெரியும், அதுவும் தேவைக்கேற்பத் தானாகச் சர்வர் எழுப்பும் ஆட்டோஸ்கேலிங்கில் ராத்திரி எழும் சர்வரில்.

சேர வேண்டிய கீகளுக்கு 'லுக்அப்_ஆப்ஷன்ஸ்' என்ற பகுதியில் 'மெர்ஜ்: யூனிக்' என்று எழுத வேண்டும். அது எல்லா அடுக்கிலும் உள்ள அரேக்களை ஒன்றாக்கி, இரட்டிப்பை நீக்கித் தரும். ஹேஷுக்கு 'ஹேஷ்' அல்லது 'டீப்'. இதைத் தரவு ஃபைலிலேயே, அந்தக் கீக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள், மேனிஃபெஸ்டில் லுக்அப் கூப்பிடும் இடத்தில் ஒளித்து வைக்காதீர்கள். ஹைரா ஃபைலைத் திறப்பவருக்கு அது சேருமா மாற்றுமா என்று அங்கேயே தெரிய வேண்டும். டீப் மெர்ஜில் 'நாக்அவுட் ப்ரிஃபிக்ஸ்' என்று ஒன்று உண்டு, அதை இரண்டு கோடு என்று அமைத்து, அந்தக் கோடு போட்டு ஒரு மதிப்பை எழுதினால் கீழ் அடுக்கில் இருக்கும் அதே மதிப்பு விலகும். நான் அதைத் தொடுவதில்லை. மூன்று அடுக்குக்கு மேல் போனால் எது எதை விலக்கியது என்று படிக்கிறவருக்குப் புரிவதில்லை. ஹேஷில் ஆப்சென்ட் என்று எழுதுவது எல்லோருக்கும் புரிகிறது.

எல்லாவற்றையும் மெர்ஜ் ஆக்குவதும் தவறு. பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். காமனில் இரண்டு, டேட்டா சென்டர் அடுக்கில் இரண்டு, யூனிக் மெர்ஜ் போட்டால் அவற்றை எழுதிவைக்கும் ரிசால்வ் கான்ஃபில் நான்கு நேம்சர்வர் வரி வரும். லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி முதல் மூன்றை மட்டும்தான் பார்க்கும், நான்காவது அங்கே சும்மா இருக்கும். அதற்கு மேல், உள்ளூர்ச் சர்வர் இரண்டும் விழுந்தால் வேறு டேட்டா சென்டருக்குக் கேள்வி போகும், அது ஃபயர்வாலில் மூடியிருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் டைம்அவுட் வரை காத்திருப்பு. இது மாற்ற வேண்டிய பட்டியல், சேர்க்க வேண்டிய பட்டியல் இல்லை. ஒவ்வொரு கீக்கும் இந்தக் கேள்வியைத் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது, பொதுவான விடை கிடையாது. சந்தேகம் வந்தால் யூகிக்காதீர்கள்: 'பப்பெட் லுக்அப்' கமாண்டில் நோட் பெயரையும் கீயையும் கொடுத்து 'எக்ஸ்ப்ளெய்ன்' என்று சேர்த்தால், எந்த அடுக்கைத் திறந்தது, எங்கே என்ன கிடைத்தது, எப்படிச் சேர்த்தது என்று வரிக்கு வரி சொல்லும்.

வரிசை பற்றி. வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துத் தரும் லோட் பேலன்சரின் பின்னால் இருக்கும் சர்வர்களின் பட்டியலைப் பப்பெட்டிபியில் (பப்பெட்டின் டேட்டாபேஸ்) கேட்டு வாங்கி டெம்ப்ளேட்டில் எழுதுவது பலர் செய்வது. கேள்வியில் வரிசை கேட்காவிட்டால் விடை எந்த வரிசையில் வரும் என்று உறுதி இல்லை. ஏஜென்ட் டிஃபால்டாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். ஒரு ஓட்டத்தில் டிஃப் இப்படி இருக்கும்: ஒரு சர்வரின் வரி கழித்தல் குறியோடு மேலே, அதே வரி, ஒரு எழுத்துகூட மாறாமல், கூட்டல் குறியோடு நான்கு வரி கீழே. ஃபைல் மாறிவிட்டது, அதனால் நோட்டிஃபை போகும், லோட் பேலன்சரான ஹெச்ஏபிராக்ஸி ரீலோட் ஆகும். நாள் முழுக்க இப்படியே. மாற்றம் எதுவும் நடக்காத சர்வரில் ரிப்போர்ட் முழுக்க மாற்றம் மாற்றம் என்று வந்தால், உண்மையான மாற்றம் வரும் நாளில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள், ரீலோடைவிட எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. டெம்ப்ளேட்டுக்குள் போகும் முன் 'சார்ட்' ஒன்று போட்டால் போதும். எழுத்து வரிசையில் 10 என்பது 9-க்கு முன்னால் வரும், பரவாயில்லை, வரிசை ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதுதான் நமக்கு வேண்டும். ஆனால் நேம்சர்வர், சர்ச் டொமைன், ஃபயர்வால் ரூல் போன்றவற்றில் சார்ட் போட்டால் அர்த்தமே மாறிவிடும். அங்கே எழுதியவர் வைத்த வரிசைதான் செய்தி.

ஹைரா ஃபைல்களை எழுதும் யாமல் வடிவம் செய்யும் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்கோள்குறி இல்லாமல் வெர்ஷன் 1.10 என்று எழுதினால் அது 1.1 ஆகும். நார்வேயின் இரண்டெழுத்துக் குறியீடான NO-வை மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் ஃபால்ஸ் ஆகும். ஒரே ஒரு பொருள் என்று கோடு போடாமல் எழுதினால் அது பட்டியல் இல்லை, ஸ்ட்ரிங். இந்தக் கடைசி விஷயம் 'இன்' ஆப்பரேட்டரோடு சேரும்போது மோசம்: அரேயில் தேடினால் முழுச் சொல்லும் பொருந்த வேண்டும், ஸ்ட்ரிங்கில் தேடினால் துண்டு பொருந்தினாலே போதும், 'வெப்' என்று தேடினால் 'வெப்மெயில்' இருந்தாலும் ஆம் என்று சொல்லும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் அது பார்ப்பதில்லை. கிளாஸ் பாராமீட்டரில் இது ஸ்ட்ரிங்குகளின் அரே, காலி ஸ்ட்ரிங் ஆகாது என்று டைப் எழுதிவிட்டால் இவற்றில் பெரும்பாலானவை கம்பைலிலேயே நின்றுவிடும், நோட் வரைக்கும் போகாது.

இரண்டு மாட்யூல் (பப்பெட் கோடின் தொகுப்பு) ஒரே பேக்கேஜைக் கேட்டால் டூப்ளிகேட் டிக்ளரேஷன் என்று கம்பைல் உடையும். 'ஏற்கெனவே டிஃபைன் ஆகியிருக்கிறதா' என்று இஃப் போட்டு ஒதுக்குவது பழைய கோடில் நிறைய இருக்கும், எந்தக் கிளாஸ் முதலில் படிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் விடை மாறும் என்பதால் அதை நான் எடுத்துவிடுவேன். ஸ்டேண்டர்ட் லைப்ரரியின் 'என்ஷ்யூர்_பேக்கேஜஸ்' இரண்டு பக்கமும் ஒரே பாராமீட்டரோடு கேட்கும் வரை ஒத்துப்போகும். அதுவும் பத்தாவிட்டால் விர்ச்சுவல் ரிசோர்ஸாக (அறிவித்தாலும் தானாகக் கேட்டலாக்கில் சேராதது) ஓரிடத்தில் வைத்து, வேண்டிய இடத்தில் ரியலைஸ் செய்து சேர்க்கலாம்.

கடைசியாக நீண்ட பட்டியல்கள். பேக்கேஜ் அரேயை அப்படியே ரெஃபரன்ஸாக்கி, ஒரு சர்வீஸ் இந்த அரே முழுவதையும் ரெக்வயர் செய்கிறது, அதாவது இவை முடிந்த பிறகே அது, என்று எழுத மொழி அனுமதிக்கிறது, எழுதவும் அழகாக இருக்கிறது. ஆனால் அந்த நாற்பதில் ஒன்று, ரெப்போவில் பெயர் மாறிப்போன ஏதோ ஒரு டூல், நிறுவ முடியாமல் போனால் மற்ற முப்பத்தொன்பதும் ஒழுங்காக நிறுவப்படும், சர்வீஸ் மட்டும் தொடப்படாது. சார்பு தோற்றதால் தவிர்க்கப்பட்டது என்று ஒரு எச்சரிக்கை வரும், அதன் கீழே தொங்கும் எல்லாவற்றுக்கும் அதே எச்சரிக்கை வரும். எஸ்எஸ்ஹெச் கான்ஃபிகும் மானிட்டரிங் ஏஜென்டும் ஒரு எடிட்டர் பேக்கேஜுக்காகக் காத்துக்கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து அடிப்படைப் பட்டியலை இரண்டாகப் பிரித்தே வைக்கிறேன்: மற்ற ரிசோர்ஸ்கள் சார்ந்திருக்கும் நான்கைந்து பேக்கேஜ்கள் ஒரு கீயில், அவற்றை மட்டும் பெயர் சொல்லி ரெக்வயர் செய்வேன், ஆட்களின் வசதிக்காக நிறுவும் டூல்கள் வேறு ஒரு கீயில், அதை எதுவும் ரெக்வயர் செய்யாது, அதில் ஒன்று தோற்றால் ரிப்போர்ட்டில் ஒரு சிவப்பு வரி வரும், காலையில் யாராவது பார்த்துக்கொள்வார்கள்.